வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடியில் என்ன வேலை?

நீரஜா டீச்சர் பொய் சொல்கிறாள் என்று முதலில் தீர்ப்புச் சொன்னவன் மயிலாப்பூரில் இல்லை, டெக்ஸாஸில் இருந்தான். அவன் நிஜப் பேர் யாருக்கும் தெரியாது. 'மயிலை மைந்தன்' என்று தனக்குத் தானே பட்டம் கட்டிக்கொண்டு, அமெரிக்காவில் நாலு தமிழ்ப் பையன்கள் சேர்ந்து நடத்திய ஒரு இன்டர்நெட் போர்டில், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுதிக்கொண்டிருந்தான். தெருவில் இருக்கிறவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கடல் தாண்டித் தீர்ப்பு வந்துவிட்டது.

நடந்தது கார்த்திகை மாசத்து வெள்ளிக்கிழமை. காலையெல்லாம் கொட்டின மழை மத்தியானத்துக்கு மேல் விட்டு, தெருவில் கணுக்கால் தண்ணீர் நின்றது. சாயங்காலம் குளத்துப் பக்கமாக ஒரு கட்சி ஊர்வலம் வந்தது. எந்தக் கட்சி என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. கொடியை மாற்றிப் பிடித்தால் அதுவும் இதுவும் ஒன்றுதான். எங்கிருந்தோ நாலு கல் வந்து விழுந்தது. ஊர்வலத்தின் பின்னால் வந்த வேனிலிருந்து தடியோடு ஆட்கள் குதித்தார்கள். எறிந்த எதிர்த்தரப்புக் கட்சிக்காரர்கள் சந்துக்குள் மறைந்துவிட்டார்கள். ஓடாமல் நின்றவர் சின்னப்பையன் என்கிற இஸ்திரிக்காரர் ஒருவர்தான். நீரஜாவின் வீட்டுக்கு எதிரே பூவரச மரத்தடியில் அவர் வண்டி. கரி கனிந்துகொண்டிருந்த பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீர் படாமல் உள்ளே தள்ளி வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அடித்துப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று.

வேன்காரர்களின் கட்சி என்ன சொன்னது? அவனும் கல்லெறிந்தவன்தான், ஓடும்போது கூட்டத்தில் விழுந்து மிதிபட்டான் என்று சொன்னது. போலீஸ் காகிதத்திலும் அப்படியே ஏறியது. பிழைப்புக்குக் கரிப்பெட்டி தேய்த்த மனுஷன் செத்த பிற்பாடு கலவரக்காரன் ஆகிவிட்டார்.

அவர் கையில் கல் இல்லை, பெட்டிதான் இருந்தது என்பதை முழுக்கப் பார்த்தவள் நீரஜா. எதிரே தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எந்தக் கட்சிக்கும் கொடி பிடித்தவள் இல்லை. ரிடையர்டு ஜட்ஜ் ஒருவரைப் போட்டு விசாரணைக் கமிஷன் வைத்தபோது, யாரும் கூப்பிடாமல் அவளே போய்ப் பேர் கொடுத்தாள். ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு பழைய பங்களாவில் கமிஷன் உட்கார்ந்தது. பார்த்ததை எல்லாம் சொன்னாள். நடுவில் ஒரு கேள்வி, ரொம்பச் சாதாரணமான கேள்வி: "மாடிக்கு எதுக்கும்மா போனீங்க?"

"உலர்த்தின துணியை எடுக்கப் போனேன்."

இந்த ஒரு வரி பேப்பரில் வந்தது, பேப்பரிலிருந்து போர்டுக்குப் போனது. மயிலை மைந்தன் அதைப் பிடித்துக்கொண்டான். 'நான் மாடவீதியில் பிறந்து வளர்ந்தவன். காலையெல்லாம் மழை, துணி உலர்த்தினாளாம். அது போகட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், விளக்கேற்றுகிற நேரம். எந்த மயிலாப்பூர் மாமி அந்த நேரத்தில் பெருமாள் உள்ளில் விளக்கேற்றுவதை விட்டுவிட்டு மொட்டைமாடியில் நிற்பாள்? அதுவும் அவ்வளவு நாழி? இவள் மாடியிலேயே இல்லை. யாரோ சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாள்.'

அவ்வளவுதான், போர்டு இரண்டாகப் பிளந்தது. வேன் கட்சி, கல் கட்சி. ராப்பகலாக எழுதினார்கள். சின்னப்பையனைப் பற்றி ஒருத்தன் கவலைப்படவில்லை. துணியையும் விளக்கையும் பற்றித்தான் சண்டை.

கேள்வி என்னவோ நியாயமான கேள்வி. அதுதான் வயிற்றெரிச்சல். நீரஜா அன்று துணி எடுக்கப் போகவில்லை. அவள் அன்று ஆத்துக்குத் தூரம், மாசத்து மூன்று நாள். மாமனார் வேதாந்தம் சாளக்கிராமம் வைத்துத் தினமும் திருவாராதனப் பூஜை பண்ணுகிறவர். அந்த வீட்டில் அந்த மூன்று நாளும் அவளுக்கு மாடி ரூம்தான். வெளிப் படிக்கட்டு வழியாக இறங்கிப் பள்ளிக்கூடம் போவாள், நாற்பது பெண்களுக்கு அல்ஜீப்ரா நடத்துவாள், திரும்பி வந்து அதே படிக்கட்டில் ஏறிவிடுவாள். ஊரெல்லாம் அவளைத் தொடலாம், வீடு மட்டும் தொடக் கூடாது. புருஷன் ராஜகோபாலன் அந்த மூன்று நாளும் தானே தளிகை பண்ணி, தட்டை மேல்படியில் வைத்துவிட்டு இறங்கிப் போவார். அவளோடு அப்போதெல்லாம் வாய் திறந்து பேசுகிற ஒரே ஆள் சின்னப்பையன்தான். "இன்னா டீச்சரம்மா, மேல ரெஸ்டா?" என்று கீழேயிருந்து குரல் கொடுப்பார். தக்காளி விலை சொல்வார், கிரிக்கெட்டில் யார் அவுட் என்று சொல்வார். வேறெதுவும் கேட்க மாட்டார்.

கமிஷனில் இதையா சொல்வாள்? அந்தத் தெருவில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் துணி எடுக்கப் போனேன் என்றுதான் சொல்லியிருப்பாள். அதை ஒரு பொய் என்றுகூட அவள் நினைக்கவில்லை.

நியூஜெர்ஸியில் படிக்கிற மகன் கிரீஷ் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினான். "அம்மா, நீ இங்க ஃபேமஸ் ஆயிட்டே! உன்னைப் பத்தித்தான் பேச்சு. பாதிப் பேர் உன்னைத் திட்டறா."

"என்னை எதுக்குடா திட்டணும்?"

"அப்பாவைப் பிரவுசிங் சென்டர் போய்ப் பாக்கச் சொல்லு. அட்ரஸ் தரேன், எழுதிக்கோ."

ராஜகோபாலன் பாங்க் ஆபீசர். கறிகாய்க்காரியிடம் பேரம் பேசக்கூட நாக்கு எழாத மனுஷர். லஸ்ஸில் ஷகீலா நடத்துகிற பிரவுசிங் சென்டருக்கு அன்று போனவர், அடுத்த நாளும் போனார், அதற்கடுத்த நாளும் போனார். 'உண்மை விளம்பி' என்று பேர் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். பாங்கிலிருந்து நேரே அங்கே போவார், லைன் கிடைக்காமல் மோடம் கூவிக்கொண்டே இருந்தாலும் பொறுமையாக உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வரும்போது முகம் சிவந்திருக்கும்.

"இன்னிக்கு அந்த மைந்தனுக்கு வெச்சேன் பாரு ஒண்ணு! வாயே தொறக்கலை."

நீரஜா சாத்தமுதுக்குப் புளி கரைத்து அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். "என்னன்னு எழுதினேள்?"

"மழை மத்தியானமே விட்டாச்சு, நல்ல காத்து, பட்டுப்புடவையை நிழல்ல ஒணத்தியிருந்தா, அதை எடுக்கப் போனான்னு."

"பட்டுப்புடவையா? எந்தப் பட்டுப்புடவை?"

"ஏதோ ஒண்ணு. ஒரு டீடெயில் இருந்தாத்தான் நம்புவா."

"ஏன்னா, அன்னிக்கு எனக்குக் காப்பி கொண்டுவந்து மேல்படியில வெச்சது நீங்கதானே? நான் ஏன் மேல இருந்தேன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

புளித்தண்ணீர் கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. அதைத் துடைக்கிற சாக்கில் இருவரும் பேச்சை விட்டுவிட்டார்கள்.

மாசி மாசம் கமிஷனிலிருந்து தாக்கீது வந்தது: குறுக்கு விசாரணை, மறுபடி வர வேண்டும். வேன் கட்சியின் வக்கீல் போர்டில் வந்ததையெல்லாம் அச்செடுத்து வைத்திருக்கிறார் என்று தெருவில் பேச்சு.

சின்னப்பையன் போன பிற்பாடு வண்டியை அவர் பெண்டாட்டி முத்தம்மா நடத்தினாள். கால்வாய் ஓரத்துக் குடிசையிலிருந்து விடிகாலையில் கரி மூட்டையோடு வந்துவிடுவாள். பெட்டியைத் தூக்கி அடிக்கடி இடம் மாற்ற அவள் தோளில் பலம் போதாது. ஒரு சட்டைக்கு இரண்டு தரம் மூச்சு வாங்குவாள். அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்த நீரஜாவைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"டீச்சரம்மா, மறுக்கா கூப்ட்டுக்கீறாங்களாமே?"

"ஆமா முத்தம்மா. வியாழக்கிழமை."

"இன்னான்னு சொல்லப் போற?"

"பாத்ததைச் சொல்லுவேன். அவர் கையில பெட்டிதான் இருந்ததுன்னு."

"அத்த நம்ப மாட்டேன்றானுங்களே. நீ மேலயே இல்லன்றானுங்க." முத்தம்மா வெள்ளைச் சட்டையின் காலரில் தண்ணீர் தெளித்தாள். "நீ துணி எடுக்கப் போவலம்மா. அது எனக்குத் தெரியும். அன்னிக்கு சோறு எடுத்தாந்தப்போ அவரே சொன்னாரு, டீச்சரம்மா ரெண்டு நாளா மேல கீது, பாவம்னு."

நீரஜாவுக்குக் காது சூடானது. "மெதுவாப் பேசு."

"இதுல இன்னா கீது? பொம்பளையா பொறந்தா எல்லாத்துக்கும் உள்ளதுதான. சொல்லிடும்மா. துணி கிணி வேணாம், நெசத்த சொல்லிடு."

"அத்தனை ஆம்பளைகள் நடுவிலயா? பேப்பர்காரா வேற இருப்பா."

முத்தம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எம் புருசனயும் நடு ரோட்டுலதான் போட்டு அடிச்சானுங்க. எல்லா ஆம்பளயும்தான் பாத்துக்கினு இருந்தான். ஒருத்தன் வந்து சொன்னானா? பள்ளிக்கூடத்துல எம் பொண்ண, கல்லடிச்சவன் பொண்ணுன்னு கூப்புடுதுங்க. அது அழுதுக்கினு வருது. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

நீரஜா அங்கிருந்து நகர்ந்தாள். வீட்டுக்குள் போய், புடவைகூட மாற்றாமல், கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த புருஷனிடம் கமிஷனில் நிஜத்தைச் சொல்லப் போவதாகச் சொல்லிவிட்டாள். உள்ளே வேதாந்தம் சந்தியாவந்தனத்துக்கு உட்கார்ந்திருந்தார்.

"மெள்ளப் பேசு, அப்பா இருக்கார்," என்றார் ராஜகோபாலன். "அதைப் போய்ச் சபையில சொல்லுவாளா? தலைவலி, காத்து வாங்கப் போனேன்னு சொல்லேன்."

"அப்போ நீங்க ஒணத்தின பட்டுப்புடவை?"

"அதை நான் பாத்துக்கறேன். அங்க மாத்தி எழுதிடறேன்."

"நீங்க எழுதுங்கோ, மாத்துங்கோ, மறுபடி எழுதுங்கோ. கூண்டுல நிக்கப் போறது நான்."

"அப்பா பேப்பர் வரி விடாம படிக்கறவர், நீரஜா. இந்த வயசுல அவரைத் தலை குனிய வைக்கணுமா?"

"ஒங்கப்பா எதுக்குத் தலை குனியணும்? அவர் சொன்ன ஆசாரத்தைத்தானே நான் கடைப்பிடிச்சேன்!"

உள்ளேயிருந்து பஞ்சபாத்திரத்தில் உத்தரணி தட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் குரலை அடக்கிக்கொண்டார்கள். அந்த வீட்டில் எல்லாச் சண்டையும் அந்தச் சத்தத்தோடு முடிந்துவிடும். இருபத்தைந்து வருஷமாக அப்படித்தான்.

வியாழக்கிழமை பங்களாவில் பெஞ்சு கொள்ளாத கூட்டம். வேன் கட்சி ஒரு பக்கம், கல் கட்சி ஒரு பக்கம், நடுவில் மின்விசிறிக்குக் கீழே பேப்பர்காரர்கள். ராஜகோபாலன் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வாசல் பக்கம் தரையில் முத்தம்மா.

வக்கீல் ரொம்பத் தன்மையான மனுஷர். "அன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்லையாம்மா?"

"ஆமா."

"காலைல நல்ல மழை."

"ஆமா."

"துணி எடுக்கப் போனதாச் சொன்னீங்க. பட்டுப்புடவைன்னுகூட ஒரு தகவல் இருக்கு." கையில் இருந்த அச்சுத்தாளைத் தூக்கிக் காட்டினார். "மழை நாள்ல பட்டுப்புடவையை மொட்டைமாடியில உலர்த்துவீங்களா?"

கூட்டம் சிரித்தது. கல் கட்சிக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

"நான் பட்டுப்புடவைன்னு சொல்லலை. துணின்னு சொன்னேன். அதுவும் நிஜமில்லை."

சிரிப்பு நின்றது. நீரஜா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். வகுப்பில் பின் பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி பேசுகிற குரல் ஒன்று அவளுக்கு உண்டு, அதை வரவழைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் ஆத்துக்குத் தூரம். மாசத்துல மூணு நாள் வர்றது. அந்த மூணு நாள் எங்காத்துல நான் மாடி ரூம்லதான் இருக்கணும். விளக்கு ஏத்தக் கூடாது, உள்ள வரக் கூடாது. அதனால சாயங்காலம் முழுக்க மாடியிலதான் இருந்தேன். அதனாலதான் ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் பாத்தேன். சின்னப்பையன் கையில கல் இல்லை."

வக்கீல் கையிலிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டார். ஜட்ஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போதும்மா, போதும். ஸ்டெனோ, அதை எழுத வேண்டாம். 'சொந்தக் காரணங்களுக்காக மாடியில் இருந்தார்'னு போட்டுக்குங்க."

"எழுதிக்கட்டும் சார். அதுதான் காரணம்."

"உங்க கௌரவத்துக்காகத்தாம்மா சொல்றேன். பத்திரிகைக்காரங்களும் இதைப் போட வேண்டாம்."

"கௌரவம் போனாப் பரவாயில்லை சார், எழுதிக்கட்டும்."

"அம்மா, உக்காருங்க."

பேப்பர்காரர்கள் பேனாவை மூடினார்கள். வக்கீல் மேற்கொண்டு கேள்வி இல்லை என்று குனிந்து ஒரு கும்பிடு போட்டார். அன்று அந்த அறையில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் மகா மரியாதையாக நடந்துகொண்டார்கள். அவ்வளவு மரியாதையை நீரஜா அதற்கு முன்னால் கண்டதில்லை. நாசமாய்ப் போன மரியாதை.

மறுநாள் பேப்பரில் நாலே வரி. துணி எடுக்கப் போனதாக முன்பு சொன்னது உண்மையல்ல என்று சாட்சி ஒப்புக்கொண்டார். சொந்தக் காரணங்களுக்காக மாடியில் நின்றதாகச் சொன்னார். வேதாந்தம் அதை உரக்கப் படித்துவிட்டு, "ஜட்ஜ் பெரிய மனுஷர். குடும்ப கௌரவம் தெரிஞ்சவர்," என்றார். அவருக்கு விஷயம் தெரிந்துதான் இருந்தது. நீரஜா காப்பியை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போர்டில் அன்றைக்குத் திருவிழா. 'பொய் என்று அவளே ஒத்துக்கொண்டாள்' என்று ஒருத்தன். 'சொந்தக் காரணமாம்! எதிரே இஸ்திரி வண்டி, மேலே இவள், சொந்தக் காரணம்!' என்று மயிலை மைந்தன். அதற்கு மேல் எழுதினதை ராஜகோபாலன் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. அவர் சொல்லாததை இரண்டு நாளில் தெருவே சொல்லிற்று. டீக்கடைக்கு அமெரிக்காவிலிருந்து சேதி வர அவ்வளவு நேரம்தான் ஆயிற்று.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நீரஜா லஸ்ஸுக்கு நடந்தாள். வெயில் இன்னும் தணியவில்லை; பஸ் ஸ்டாப்பில் கூட்டம் முட்டிற்று. ஷகீலா அவளைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்க ஆன்ட்டி. அங்கிள் இன்னும் வரல."

"நான் எழுதணும். எனக்கு எப்படி எழுதறதுன்னு காட்டு."

ஷகீலா ஓர மிஷினில் உட்கார வைத்து, மானிட்டரை மற்றவர்களுக்குத் தெரியாமல் சுவர்ப்பக்கம் திருப்பினாள். நீரஜா ஒற்றை விரலால் எழுதினாள். தன் சொந்தப் பேரைப் போட்டாள். கமிஷனில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், ஜட்ஜ் எழுத வேண்டாம் என்றதையும் சேர்த்து எழுதினாள். ஷகீலா பின்னால் நின்று படித்தாள்.

"இன்னா ஆன்ட்டி இது... நெஜமாலுமே போட்றதா?"

"போடு."

"எங்க அம்மாவாண்டகூட நான் இத இவ்ளோ பச்சையா சொன்னதில்ல ஆன்ட்டி." சொல்லிவிட்டு, மவுஸைப் பிடித்து அவளே அழுத்தினாள்.

மறுநாள் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய்ப் பார்த்தார்கள். பதில் குவிந்திருந்தது. மயிலை மைந்தன் எழுதியிருந்தான்: 'இது அந்த மாமி எழுதினதே இல்லை. நான் மயிலாப்பூர்க்காரன், சத்தியம் பண்ணுகிறேன். எந்த மயிலாப்பூர்ப் பெண்மணியும் இதை நாலு பேர் அறியச் சொல்ல மாட்டாள். ஒரு ஆம்பளை, பொம்பளைப் பேரில் எழுதியிருக்கிறான். இதிலிருந்தே சாட்சியம் முழுக்கப் புளுகு என்று தெரியவில்லையா?' சரி, அவன் அப்படித்தான். கல் கட்சிக்காரன் ஒருத்தன் எழுதியிருந்தான்: 'நம் பக்கத்து நண்பர்கள் இப்படி ஆபாசமாக எழுதி நம்மைக் கேவலப்படுத்த வேண்டாம்.'

நீரஜா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். மழையில் துணி உலர்த்தினவளை நம்பத் தயாராக இருந்தவர்கள்கூட இவளை நம்பவில்லை.

"ஏன்னா, நீங்க ஒரு வரி எழுதுங்கோ. ஒங்க நிஜப் பேரைப் போட்டு. நான் இவ ஆத்துக்காரர், இவ எழுதினது சத்தியம்னு. போதும்."

"எழுதறேன், எழுதறேன்," என்றார் ராஜகோபாலன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று தட்ட ஆரம்பித்தார். அவளைவிட எவ்வளவு வேகம்! வேன் யாருடையது என்று கேட்டார். தடி எங்கிருந்து வந்தது என்று கேட்டார். மைந்தனுக்குத் தைரியம் இருந்தால் சொந்தப் பேரில் வரட்டும் என்று சவால் விட்டார். ஒரு பக்கம் நிறைந்தது. நீரஜா பக்கத்தில் நின்று தன்னுடைய வரிக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. கடைசியில் அவர் 'உண்மை விளம்பி' என்று கையெழுத்துப் போட்டார்.

"அந்த வரி?"

"அது தேவையில்லை. இதுலயே வந்துடுத்து, பாரேன்."

"எங்க வந்துடுத்து?"

அவர் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா ஃப்ரெண்ட்ஸோட பிள்ளைகள்லாம் இதைப் படிக்கறா, நீரஜா."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மாடவீதி முழுக்கக் கறிகாய்க் கடை, பூக்கடை, எதிரே வருகிறவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், அல்லது பார்த்த மாதிரி அவளுக்குப் பட்டது. பூவரச மரத்தடியில் முத்தம்மா பேன்ட்டுக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா மொகம் இப்டி கீது? நம்புனானுங்களா?"

"இல்ல. நான் எழுதினதே இல்லைங்கறான்."

"த்தூ. இங்கயும் அதே கததான். டீக்கடைல ஒருத்தன் எம் மூஞ்சிக்கு நேரா கேக்கறான், டீச்சருக்கும் ஒம் புருசனுக்கும் இன்னா பழக்கம்னு. கைல கீற சாம்பல அவன் டீயிலயே கொட்டிட்டு வந்துட்டேன்." மடிப்பை அழுத்தி முடித்தாள். "சரி, ஒன்ன வேணா நம்ப வேணாம். ஒன் ஊட்ல கூட இருந்த மனுசன் சொன்னா நம்ப மாட்டானுங்களா? ஒன் ஊட்டுக்காரருக்குத் தெரியும்ல நீ மேல இருந்தது?"

"தெரியும்."

"சொன்னாரா?"

நீரஜா இல்லை என்று தலையை ஆட்டினாள். அழுகை வந்துவிட்டது. நடுத்தெருவில், நாலு பேர் பார்க்க, கணக்கு டீச்சர் இஸ்திரி வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

முத்தம்மா கரிப்பெட்டியின் மூடியைச் சாத்தினாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"எங்க கீறாரு அவரு இப்போ?"

"லஸ்ல, கம்ப்யூட்டர் சென்டர்ல. வேண்டாம் முத்தம்மா. இரு, நானும் வரேன்."

"நீ எதுக்கு? நீ சொல்லிட்ட. இப்ப அவரு சொல்லட்டும்," என்று முத்தம்மா செருப்பை மாட்டிக்கொண்டு லஸ் பக்கம் நடந்தாள்.